முப்பத்தெட்டு எண்டார்ஸ்மென்ட்டும் ஒரு சாட்சியும்

போன வருஷம் வரைக்கும் என் லிங்க்ட்இன் பக்கத்துல ‘மெஷின் லேர்னிங்’ என்ற ஸ்கில்லுக்கு 38 எண்டார்ஸ்மென்ட் இருந்தது. நான் அதுல பெரிய ஆள் எல்லாம் இல்லை. ஆன்லைன்ல ஒரு கோர்ஸை பாதி வரைக்கும் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். அந்த 38 எப்படி வந்ததுன்னா, ஒரு ராத்திரி ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் வந்தது: “எல்லாரும் எல்லாருக்கும் எண்டார்ஸ் பண்ணி விடுங்கடா, நாளைக்கு ப்ரொஃபைல் லிங்க் கேக்குறாங்க.” அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சது. நானும் முப்பது பேருக்கு மேல போட்டேன். யாருக்கு எதுக்குப் போட்டேன்னு இப்போ கேட்டா தெரியாது.

கொஞ்ச நாள் கழிச்சு ஒரு இன்டர்ன்ஷிப் இன்டர்வியூ. கம்பெனி பேர் வேண்டாம், அவங்க மேல தப்பும் இல்லை. எதிர்ல இருந்த மேடம் என் பக்கத்தைத் திறந்து வச்சிருந்தாங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க: “முப்பத்தெட்டு பேர் சொல்லியிருக்காங்களே! இதுல யாராவது ஒருத்தர் நீங்க செஞ்ச மாடல் ஓடுறதைப் பார்த்திருக்காங்களா?”

நான் வாயைத் திறக்கலை. அதுக்கு முன்னாடி கேட்ட பைத்தான் கேள்விகளுக்கு ஓரளவு நல்லாத்தான் பதில் சொல்லியிருந்தேன். ஆனா அந்த ஒரு கேள்விக்கு அப்புறம், எனக்கு உண்மையிலேயே தெரிஞ்சதையும் அவங்க நம்பின மாதிரி தெரியலை. அவங்க இடத்துல நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

இந்தக் கட்டுரை மூணாவது வருஷம் படிக்கிற உங்களுக்காக. ஸ்கில்ஸ் பகுதியை எப்படி ஒழுங்கு பண்றது, எண்டார்ஸ்மென்ட்டை யார்கிட்ட கேக்குறது, யாருக்குக் குடுக்குறது, வேண்டாததை எப்படி மறைக்கிறது, எல்லாத்தையும் வரிசையா சொல்றேன். நடுவுல கொல்லிமலைக்கு ஒரு தடவை போயிட்டு வருவோம். ஏன்னா நான் இதைக் கத்துக்கிட்டது கம்ப்யூட்டர் லேப்ல இல்லை, திண்ணனூர் நாட்டுல ஒரு மாவு மில்லுல.

முதல்ல மூணையும் பிரிச்சுப் பார்ப்போம்

லிங்க்ட்இன்ல திறமை சம்பந்தமா மூணு விஷயம் இருக்கு. நம்மள்ல நிறைய பேர் மூணையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறோம்.

ஸ்கில் என்பது உங்களைப் பத்தி நீங்களே சொல்லிக்கிறது. யார் அனுமதியும் தேவையில்லை. முன்னாடி 50 வரைக்கும் போடலாம்னு இருந்தது, இப்போ 100 வரைக்கும் போடலாம்.

எண்டார்ஸ்மென்ட் என்பது நீங்க சொன்னதுக்கு இன்னொருத்தர் ஒரே ஒரு க்ளிக்ல ‘ஆமாம்’ போடுறது. 2012 செப்டம்பர்ல இது வந்தது. உங்களோட நேரடி கனெக்ஷன்ல இருக்கிறவங்க மட்டும்தான் இதைச் செய்ய முடியும். எண்ணிக்கையை அழுத்தினா யார் யார் போட்டாங்கன்னு பேரோட தெரியும். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வச்சுக்கோங்க. இன்டர்வியூ எடுக்கிறவருக்கு நம்பர் மட்டும் தெரியாது, பேரும் தெரியும். உங்க 38 பேரும் ஒரே காலேஜ், ஒரே பேட்ச்னா பார்க்கிறவருக்குக் கதை உடனே புரிஞ்சிடும்.

ரெகமண்டேஷன் என்பது இன்னொருத்தர் உங்களைப் பத்தி நாலு வரி எழுதித் தர்றது. க்ளிக் பண்ணினா வராது, யோசிச்சு எழுதணும். அதனாலதான் அதுக்கு மதிப்பு அதிகம்.

இதுக்கு நடுவுல நாலாவதா ஒண்ணு இருந்தது. ஸ்கில் அசெஸ்மென்ட்னு ஒரு சின்ன ஆன்லைன் தேர்வு. பாஸ் பண்ணினா பக்கத்துல ஒரு பேட்ஜ் வரும். 2023 முடியறப்போ அதை எடுத்துட்டாங்க. அப்போ இன்னைக்கு நிலைமை என்ன? ஸ்கில்ஸ் பகுதியில நீங்க எழுதுறதை லிங்க்ட்இன் சோதிச்சுப் பார்க்கிறது கிடையாது. நீங்க சொல்றீங்க, உங்க ஆளுங்க தலையாட்டுறாங்க. அந்தத் தலையாட்டலுக்கு எவ்வளவு மதிப்புங்கிறது, ஆட்டினவர் என்னத்தைப் பார்த்தார் என்பதைப் பொறுத்தது.

ஸ்கில்ஸ் பகுதியே தேவையில்லைன்னு சொல்ல வரலை. வேலைக்கு ஆள் எடுக்கிறவங்க ஸ்கில் பேரை வச்சுத்தான் தேடுறாங்க, வடிகட்டுறாங்க. சரியான பேர் இல்லைன்னா நீங்க அந்த லிஸ்ட்லேயே வர மாட்டீங்க. ஸ்கில் பேர் உங்களை வாசல் வரைக்கும் கொண்டு போகும். உள்ளே போன பிறகு கேக்குறது வேற கேள்வி. என்னைக் கேட்ட கேள்வி.

திண்ணனூர் நாட்டுல ஒரு மோட்டார்

என் ரூம்மேட் ட்ரிபிள் ஈ. கொல்லிமலைப் பையன், திண்ணனூர் நாடு. மலையில ஊர்களை ‘நாடு’ன்னுதான் பிரிச்சுச் சொல்வாங்க: வளவந்தி நாடு, வாழப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு இப்படி. செமஸ்டர் லீவுல அவன் வீட்டுக்குப் போனோம். காரவள்ளி அடிவாரத்துல பஸ் ஏற ஆரம்பிச்சா 70 கொண்டை ஊசி வளைவு. நான் முப்பதாவது வளைவுலேயே ஜன்னலோரம் கேட்டு வாங்கிட்டேன். அவன் நல்லாத் தூங்கிட்டு வந்தான்.

போனதுக்குக் காரணமே அவனோட ப்ரொஃபைலை சரி பண்ணத்தான். பிளேஸ்மென்ட் நெருங்கிடுச்சு, அவனுக்கு ஒரு அழைப்பும் வரலை. அவன் பக்கத்துல இருந்த ஸ்கில்ஸ்: லீடர்ஷிப், டீம்வொர்க், எம்எஸ் ஆபீஸ், பைத்தான், ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ். ஹாஸ்டல் ராத்திரி புண்ணியத்துல எல்லாத்துக்கும் இருபதுக்கு மேல எண்டார்ஸ்மென்ட். ட்ரிபிள் ஈ படிக்கிறவன் பக்கத்துல கரண்ட் என்ற வார்த்தையே இல்லை!

மறுநாள் காலையில லேப்டாப்பை விரிச்சோம். அதுக்குள்ள அவங்க பெரியம்மா வந்து நின்னாங்க. “தம்பி, மோட்டார் உறுமுது, சுத்த மாட்டேங்குது.”

இங்க கொஞ்சம் பின்னணி சொல்லணும். கொல்லிமலை சாமைக்கும் தினைக்கும் கேழ்வரகுக்கும் பேர் போன மலை. ஆனா சாமையை அப்படியே பொங்க முடியாது, உமி நீக்கணும். உரல்ல போட்டு உலக்கையால மணிக்கணக்கா இடிக்கிற வேலை, அதுவும் பெண்கள் தலையில. மரவள்ளிக்கிழங்கு மாதிரி பணப்பயிர் உள்ளே வந்தப்போ நிறைய பேர் சாமையை விட்டதுக்கு இந்த இடிக்கிற பாடும் ஒரு காரணம். சென்னையில இருக்கிற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள்ல இருந்து இந்த மலையில சிறுதானியத்துக்காக வேலை செஞ்சப்போ, விதையோட சேர்த்து உமி நீக்கும் மெஷினையும் மகளிர் குழுக்கள்கிட்ட கொண்டு போனதுக்கு இதுதான் காரணம். ஒரு மெஷின் நின்னா பழையபடி உலக்கைதான். பெரியம்மா முகத்துல தெரிஞ்ச கவலை அதுதான்.

மில்லுன்னா பெரிசா நினைக்க வேண்டாம். ஒரு ஓட்டு ரூம், ஒரு மெஷின், ஒரு சிங்கிள் ஃபேஸ் மோட்டார். நான் டார்ச் பிடிச்சேன். அவன் முதல்ல மெயினை ஆஃப் பண்ணினான். பெல்ட்டைக் கழட்டி புல்லியைக் கையால சுத்திப் பார்த்தான், லேசா சுத்துச்சு. “பேரிங் போகலை”ன்னான். கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் பண்ணிட்டுத்தான் தொட்டான், மல்டிமீட்டர்ல வச்சுப் பார்த்தான். “ஸ்டார்ட் கெப்பாசிட்டர் காலி.” அதோட விடலை. கெப்பாசிட்டர் ஏன் போச்சுன்னு பார்க்கணும்னு சாயங்காலம் வரைக்கும் இருந்து வோல்டேஜ் அளந்தான். ஊரெல்லாம் லைட் போடுற நேரத்துல 170க்கு இறங்குச்சு. அந்த நேரத்துல ஓட்டினா மோட்டார் திணறும், மறுபடி மறுபடி ஸ்டார்ட் பண்ணப் பார்ப்பாங்க, கெப்பாசிட்டர் சூடாகிப் போகும். மறுநாள் நாமக்கல் போய்ப் புதுசு வாங்கிட்டு வந்து மாட்டினான். கதவுக்குப் பின்னாடி சாக்பீஸால எழுதி வச்சான்: “சாயங்காலம் 6 மணிக்கு மேல ஓட்ட வேண்டாம். உறுமினா உடனே நிறுத்தவும்.”

மோட்டார் சுத்துச்சு. பெரியம்மா ஒரு படி சாமையைக் கொட்டிப் பார்த்துட்டு அவனைப் பார்க்கலை, என்னைப் பார்த்துச் சொன்னாங்க: “போன தடவையும் இவன்தான் சரி பண்ணினான். மெக்கானிக் வந்தா வெறும் கெப்பாசிட்டரை மாத்திட்டுப் போயிடுவாரு, இவன் ஏன் போச்சுன்னு சொல்வான்.”

நான் அவன்கிட்ட கேட்டேன்: “டேய், இது உன் ப்ரொஃபைல்ல எங்கடா இருக்கு?” “இதெல்லாம் போடுவாங்களா?”ன்னான்.

அந்தக் கேள்வியும் இன்டர்வியூல என்னைக் கேட்ட கேள்வியும் என் மண்டைக்குள்ள அப்போதான் ஒண்ணா வந்து நின்னது. எனக்கு 38 பேர், ஒருத்தரும் பார்க்கலை. இவனுக்குப் பார்த்த ஆள் இருக்காங்க, அவங்ககிட்ட லிங்க்ட்இன் கணக்கே இல்லை.

ஓரிக்குக் கிடைச்சது

திரும்பி வர்ற வழியில செம்மேட்டுல பஸ் மாறணும். அங்கதான் வல்வில் ஓரி சிலை இருக்கு. கொல்லிமலையை ஆண்ட ஓரி, கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தர். வருஷா வருஷம் ஆடிப் பெருக்கை ஒட்டி அரசு விழாவே நடக்கும். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்துல ரூம்மேட் சொன்னான்: “பேருக்கு முன்னாடியே ஸ்கில்லைப் போட்ட முதல் ஆளு இவர்தான்டா.” வல்வில்னா வலிமையான வில். ஹெட்லைன்லேயே ஸ்கில்!

அப்புறம் ரூமுக்கு வந்து தேடிப் படிச்சேன். புறநானூறு 152, வன்பரணர் பாடினது. கதை இதுதான். பாணர் கூட்டத்தோட காட்டு வழியில போற புலவர் ஒரு வேட்டைக்காரரைப் பார்க்கிறார். அவர் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்னு, மானை உருட்டி, பன்றியைச் சாய்ச்சு, கடைசியா புற்றுல இருந்த உடும்புல போய்க் குத்தி நிக்குது. யார் இவர்னு புலவருக்குத் தெரியாது. ஆளைப் பார்த்தா கூலிக்கு வேட்டையாடுறவர் மாதிரி இல்லை. ஒருவேளை ஓரியோ, இல்லையோன்னு சந்தேகம். பாடுறாங்க. தன் பேர் அந்தப் பாட்டுல வந்ததைக் கேட்டதும் அந்த மனுஷன் வெட்கப்படுறார். வேட்டையாடின இறைச்சியும், குடிக்கக் கொடுத்ததும் போக, மலையில கிடைச்ச பொன்னும் மணியும் தர்றார்.

ஒரு அம்புல அஞ்சு விலங்கான்னு இன்ஜினியர் மூளை கேக்கும். எனக்கும் கேட்டது. மிகைன்னே வச்சுக்கோங்க. ஆனா அந்தப் பாட்டு எப்படி அமைஞ்சிருக்குன்னு பாருங்க. “நல்லா வில் விடுவார்”னு பொதுவா ஒரு தலையாட்டல் இல்லை. எந்த விலங்கு, எந்த வரிசையில, அம்பு கடைசியா எங்க நின்னது, எல்லாம் இருக்கு. சொல்றவர் அந்த இடத்துல நின்னவரா பேசுறார். முன்னாடி ஒப்பந்தம் எதுவும் இல்லை, ஆள் யார்னே தெரியாத நிலையில பார்த்ததைச் சொல்றார். அதனாலதான் ‘வல்வில்’ அந்தப் பேரை விட்டுப் போகவே இல்லை.

நல்ல எண்டார்ஸ்மென்ட்டுக்கு நான் வச்சுக்கிட்ட அளவுகோல் அங்கிருந்து வந்ததுதான்: பார்த்தவர் சொல்லணும், எதைப் பார்த்தார்னு சொல்ல முடியணும்.

இனி செய்முறை

ஒரு சாயங்காலம் ஒதுக்கினா போதும். நோட்டும் பேனாவும் எடுத்துக்கோங்க.

1. மூணு பத்தி போடுங்க. முதல் பத்தியில இப்போ உங்க பக்கத்துல இருக்கிற ஒவ்வொரு ஸ்கில். ரெண்டாவதுல அதை வச்சு நீங்க செஞ்ச ஒரு வேலை: ப்ராஜெக்ட், லேப், இன்டர்ன்ஷிப், சிம்போசியம், சொந்த ஊர் வேலை எதுவா இருந்தாலும் சரி. மூணாவதுல அந்த வேலையைக் கண்ணால பார்த்த ஒருத்தர் பேர். நான் போட்டப்போ 31 ஸ்கில்ல மூணு பத்தியும் நிறைஞ்சது ஆறு மட்டும்தான். வலிக்கத்தான் செஞ்சது.

2. ரெண்டாவது பத்தி காலியா இருக்கிறதை எடுத்துடுங்க. வேலையே செய்யாத ஸ்கில் உங்களுக்கு எதிராத்தான் பேசும். இப்போதான் கத்துக்கிட்டு இருக்கீங்களா? ‘அபவுட்’ பகுதியில கத்துக்கிட்டு இருக்கேன்னு ஒரு வரி எழுதுங்க, அது நேர்மை. ‘ஹார்ட் வொர்க்’, ‘டீம்வொர்க்’ மாதிரி பொதுவானதுங்களையும் விட்டுடுங்க. யாரும் அதை வச்சுத் தேடுறதில்லை. டீம்ல வேலை செஞ்சீங்கன்னு உங்க ப்ராஜெக்ட் விவரமே சொல்லிடும்.

3. பேரைச் சரியா வைங்க. ஸ்கில் பேரை டைப் பண்றப்போ கீழே ஒரு பட்டியல் விழும். அதுல இருக்கிற பேரையே எடுங்க, சொந்தமாக் கண்டுபிடிக்காதீங்க. தேடுறவங்களும் அதே பட்டியல்ல இருந்துதான் தேடுவாங்க. எந்தப் பேர்னு தெரியலைன்னா, உங்களுக்குப் பிடிச்ச வேலைக்கான அறிவிப்பு ஒரு பத்தைத் திறந்து, திரும்பத் திரும்ப வர்ற வார்த்தைகளைக் குறிச்சுக்கோங்க. என் ரூம்மேட் செஞ்சது ‘மோட்டார் ரிப்பேர்’. ஆனா மெயின்டனன்ஸ் இன்ஜினியர் வேலை அறிவிப்புகள்ல அதே வேலைக்கு ‘எலக்ட்ரிகல் ட்ரபுள்ஷூட்டிங்’, ‘பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ்’னு பேர். செஞ்சது அதேதான், கூப்பிடுற பேர் வேற. இதுல பொய் எதுவும் இல்லை.

4. வரிசையை மாத்துங்க. ஸ்கில்ஸ் பகுதியில ‘ரீஆர்டர்’ இருக்கு. உங்க பக்கத்தைத் திறந்ததும் மேல இருக்கிற ரெண்டு மூணுதான் கண்ணுல படும், மிச்சத்தைப் பார்க்க இன்னொரு தடவை அழுத்தணும். ‘அபவுட்’ கீழேயும் முக்கியமான அஞ்சு ஸ்கில் வரைக்கும் காட்டலாம். நம்பர் அதிகமா இருக்கிறதை மேல வைக்காதீங்க. நீங்க போக நினைக்கிற வேலைக்கு வேண்டியதை மேல வைங்க, அதுக்கு ரெண்டே எண்டார்ஸ்மென்ட் இருந்தாலும் பரவாயில்லை.

5. ஒவ்வொரு ஸ்கில்லையும் எங்கேயாவது கட்டி வைங்க. ஸ்கில்லுக்குப் பக்கத்துல இருக்கிற பென்சில் குறியை அழுத்தினா, இதை எங்க பயன்படுத்தினீங்கன்னு கேட்டு உங்க படிப்பு, அனுபவம், ப்ராஜெக்ட் எல்லாம் பட்டியலா வரும். சரியானதை டிக் பண்ணுங்க. ப்ராஜெக்ட் அங்க இல்லைன்னா முதல்ல ப்ராஜெக்ட் பகுதியில சேர்த்துட்டு வாங்க. விவரம் எழுதுறப்போ வன்பரணர் மாதிரி எழுதுங்க: என்ன பிரச்சனை, என்ன அளந்தீங்க, என்ன மாத்தினீங்க, கடைசியில என்ன ஆச்சு. நாலு வரி போதும்.

6. இப்போ கேளுங்க. மூணாவது பத்தியில இருக்கிற பேர்கள்கிட்ட மட்டும். “எனக்கு எண்டார்ஸ் பண்ணுங்க ப்ளீஸ்”னு பொதுவா அனுப்பாதீங்க. எந்த வேலை, எந்த ஸ்கில்னு சொல்லிக் கேளுங்க. நான் என் ப்ராஜெக்ட் கைடுக்கு அனுப்பினது கிட்டத்தட்ட இப்படி: “வணக்கம் சார். ஆறாவது செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்ல டேட்டாபேஸ் வேலை முழுக்க நான் பண்ணினேன், ரெண்டாவது ரிவ்யூல நீங்க டேபிள் டிசைனை மாத்தச் சொன்னீங்க, மாத்தினேன். அது உங்களுக்குத் திருப்தியா இருந்ததுன்னா ‘எஸ்க்யூஎல்’ ஸ்கில்லை மட்டும் எண்டார்ஸ் பண்ண முடியுமா? இல்லைன்னா பரவாயில்லை சார்.” கடைசி வரி முக்கியம். மறுக்க வழி விட்டுக் கேட்டாத்தான் கிடைக்கிற ‘ஆமாம்’க்கு மதிப்பு. சார் பண்ணினார். அதோட, “ரெண்டாவது ரிவ்யூ எனக்கும் ஞாபகம் இருக்கு”ன்னு பதிலும் போட்டார்.

7. குடுக்கிறப்போவும் இதே கணக்குதான். நீங்க பார்த்ததுக்கு மட்டும் போடுங்க. உங்க பேரும் அந்தப் பட்டியல்ல நிக்குதுங்கிறதை மறக்காதீங்க. ஃபிரெண்ட் கோச்சுக்குவானேன்னு பயமா? அவன் உண்மையிலேயே நல்லாச் செஞ்ச ஒண்ணைத் தேடி அதுக்குப் போடுங்க. தேடினா எல்லார்கிட்டயும் ஒண்ணு இருக்கும். “உனக்கு ஜாவா போடலை, ஆனா சிம்போசியத்துக்கு நீ பண்ணின போஸ்டர் எல்லாத்தையும் பார்த்தேன், கிராஃபிக் டிசைன் போட்டிருக்கேன்”னு சொன்னா யாரும் கோச்சுக்க மாட்டாங்க. நான் சொன்னப்போ அவன் சந்தோஷப்பட்டான்.

8. வேண்டாததை மறைங்க. ஸ்கில்லுக்குக் கீழே எண்டார்ஸ்மென்ட் எண்ணிக்கையை அழுத்தினா ஆட்கள் பட்டியல் வரும். அங்க ஒவ்வொருத்தரையும் தனித்தனியா காட்டலாம், மறைக்கலாம். யாருன்னே தெரியாதவங்க, உங்க வேலையைப் பார்க்காதவங்க போட்டதை மறைச்சுடுங்க. எண்டார்ஸ்மென்ட் செட்டிங்ஸ்னு தனியா ஒண்ணும் இருக்கு. எனக்கு எண்டார்ஸ்மென்ட் வேணுமா வேண்டாமா, என் பேரை மத்தவங்களுக்குப் பரிந்துரைக்கலாமா, மத்தவங்க பேரை எனக்குக் காட்டலாமான்னு மூணு ஸ்விட்ச். ‘இவருக்கு இது தெரியுமா?’ன்னு லிங்க்ட்இன் கேட்டதும் யோசிக்காம அழுத்திடுற பழக்கம் இருந்தா, மூணாவதை ஆஃப் பண்ணிடுங்க.

வழக்கமா வர்ற ரெண்டு கேள்வி

“மறைச்சா நம்பர் குறைஞ்சிடுமே, மத்த எல்லாருக்கும் நாப்பது ஐம்பதுன்னு இருக்கே?” குறையும். என்னோடது 38ல இருந்து பூஜ்யம் ஆச்சு, ஏன்னா அந்த ஸ்கில்லையே எடுத்துட்டேன். இப்போ எஸ்க்யூஎல்லுக்கு நாலு இருக்கு. நாலு பேரையும் பத்தி யார் கேட்டாலும் ஒரு கதை சொல்ல முடியும். அதுக்கு அப்புறம் போன ஒரு இன்டர்வியூல அந்த நாலுல ஒண்ணைப் பத்திக் கேட்டாங்க. ரெண்டாவது ரிவ்யூ கதையைச் சொன்னேன், டேபிளை வரைஞ்சே காட்டினேன். வேலை கிடைச்சுதா இல்லையாங்கிறது வேற பல விஷயத்தைப் பொறுத்தது, அதை நான் இங்க அளக்கலை. ஆனா இந்தத் தடவை வாயைத் திறந்து பேசினேன்.

“என் வேலையைப் பார்த்தவங்க லிங்க்ட்இன்லயே இல்லையே?” இதுதான் உண்மையான கேள்வி. நம்ம காலேஜ்ல கிராமத்துல இருந்து, மலையில இருந்து வர்ற நிறைய பேருக்கு இதுதான் நிலைமை. அப்பாவோட ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துக்கிறவங்க, ஊர் பால் சொசைட்டி கணக்கை எக்செல்ல போட்டவங்க, தறிக்கு சென்சார் மாட்டிப் பார்த்தவங்க. இவங்களுக்கு சாட்சி சொல்லக்கூடியவங்க ஆன்லைன்ல கிடையாது. சென்னையில சொந்தக்காரர் கம்பெனியில இன்டர்ன்ஷிப் பண்ணினவனுக்கு நாலு மேனேஜர் எண்டார்ஸ் பண்ணுவாங்க. மில்லுல மோட்டார் சரி பண்ணினவனுக்கு யார் பண்ணுவா? லிங்க்ட்இன்ல இது ஒரு குறைதான், நாம அதை முழுசா சரி பண்ண முடியாது. ஆனா மூணு வழி இருக்கு.

ஒண்ணு, அந்த வேலையை ப்ராஜெக்ட்டா எழுதி, அளவெடுத்த நோட்டு, மீட்டர் ரீடிங், மெஷின், இதையெல்லாம் போட்டோ எடுத்து சேர்க்குறது. ஆட்கள் படம் இருந்தா அவங்ககிட்ட கேட்டுட்டுப் போடுங்க. ரெண்டு, அதே நோட்டைக் கொண்டு போய் உங்க டிபார்ட்மென்ட்ல ஒரு சார்கிட்டயோ மேடம்கிட்டயோ காட்டி, பத்து நிமிஷம் விளக்குறது. அவங்க ரெண்டு கேள்வி கேப்பாங்க, பதில் சொன்னா அவங்களும் ஒரு சாட்சிதான். மூணு, ஃபிரெண்டைக் கூட்டிட்டுப் போறது.

என் ரூம்மேட் மூணையும் செஞ்சான். அவன் பக்கத்துல இப்போ அஞ்சே ஸ்கில். முதல்ல எலக்ட்ரிகல் ட்ரபுள்ஷூட்டிங். அது கட்டியிருக்கிற ப்ராஜெக்ட்டோட தலைப்பு, ‘சாமை மில்லுல சிங்கிள் ஃபேஸ் மோட்டார் பழுது: காரணமும் தீர்வும்’. கீழே வோல்டேஜ் அட்டவணை, கதவுல இருக்கிற சாக்பீஸ் எழுத்தோட போட்டோ. அவங்க மெஷின்ஸ் லேப் மேடம் அட்டவணையைப் பார்த்துட்டு, ‘கரண்ட் ஏன் அளக்கலை?’ன்னு திட்டி அனுப்பினாங்க. அடுத்த தடவை ஊருக்குப் போனப்போ க்ளாம்ப் மீட்டர் எடுத்துட்டுப் போய் அதையும் அளந்துட்டு வந்தான். அப்புறம்தான் எண்டார்ஸ் பண்ணினாங்க.

அந்த ஸ்கில்லுக்கு மொத்தமே ரெண்டு எண்டார்ஸ்மென்ட். ஒண்ணு மேடம் போட்டது. இன்னொண்ணு நான் போட்டது. எனக்கு மோட்டாரைப் பத்தி அதிகம் தெரியாது. ஆனா யாராவது என்கிட்ட கேட்டா சொல்றதுக்கு இருக்கு: நான் அங்க இருந்தேன், டார்ச் பிடிச்சேன், ஏன் போச்சுன்னு அவன் கண்டுபிடிச்சதைப் பார்த்தேன்.

இந்த வாரத்துக்கு உங்களுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். மூணு பத்தி நோட்டைப் போடுங்க. மூணாவது பத்தியில காலி இடம் நிறைய வந்தா லிங்க்ட்இன்னை மூடிட்டு, யாரையாவது பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு ஒரு வேலையைச் செஞ்சு முடிங்க. அப்புறம் வந்து ஸ்கில்லைச் சேர்க்கலாம்.